வாப்பாவுக்கு நாம் பட்ட கடன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மனிதர்களில் சிறந்தவர் யார் என்று ஒருவர் கேட்டபோது, எவருடைய ஆயுள் நீண்டு அமலும் அழகாக அமைந்ததோ அவரே சிறந்தவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததாகத் திர்மிதீயில் ஒரு நபிமொழி உண்டு. மதரஸாவில் பல ஆண்டுகளாக நாம் இதை மாணவர்களுக்கு விளக்கி வருகிறோம். ஆயினும், இதன் பொருள் நம் உள்ளத்தில் முழுமையாக இறங்கியது 2022 மார்ச் மாதத்தில்தான். ரமளானுக்கு இன்னும் சில நாட்களே இருந்த ஷஃபான் மாதத்தின் ஒரு பின்னிரவில் நம் வாப்பா அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஆங்கிலக் கணக்கில் அவர்களுக்கு வயது 88. ஹிஜ்ரீ கணக்கில் 90ஐக் கடந்திருந்தார்கள்.

இது வாப்பாவின் புகழ் பாடுவதற்காக எழுதப்படுவதன்று. தந்தையார் உயிரோடிருக்கும் பிள்ளைகள் இதைப் படித்து, நமக்கு நேர்ந்தது தமக்கு நேராமல் காத்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் நோக்கம்.

மேலப்பாளையத்தில் பிறந்து, மேலப்பாளையத்திலேயே நெய்து, மேலப்பாளையத்து மண்ணிலேயே அடங்கியவர்கள் வாப்பா. நாம் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் தெருவில் நடந்தால் இரு பக்கமும் தறியின் ஓசை கேட்கும். விடிந்ததும் தெருவின் நீளத்திற்குப் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சிப் பசை தோய்த்து ஆற்றுவார்கள். எங்கள் வீட்டின் முன்கூடத்தில் குழித்தறி ஒன்று இருந்தது. குழிக்குள் கால்களை இறக்கி, மிதிபலகையை மாற்றி மாற்றி மிதித்து, நாடாவை இப்பக்கமிருந்து அப்பக்கம் ஓட விடும் வாப்பாவின் உருவமே நம் நினைவில் முதலில் எழுவது. பக்கத்தில் உம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். தறியில் கிடைத்தது அரிசிக்கும், பீடியில் கிடைத்தது மற்றவற்றுக்குமாக ஏழு உயிர்கள் வாழ்ந்த வீடு அது.

வாப்பா பள்ளிக்கூடம் சென்றது மூன்று ஆண்டுகள் மட்டுமே. ஆனால் அரபுத்தமிழை நன்றாக வாசிப்பார்கள், எழுதுவார்கள். தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறை அவர்கள் தலைமுறையில் பலருக்குக் கைவந்திருந்தது. மார்க்கச் சட்டங்களை அவர்கள் கற்றதும் அத்தகைய ஏடுகளின் வழியாகத்தான். தஹஜ்ஜுத் வேளையில் எழுவார்கள். ஃபஜ்ரு முடிந்து வந்ததும் தறியில் இறங்குவார்கள். பாங்கின் ஒலி கேட்டால் நாடா எங்கிருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். கூலி குறையுமே என்று உம்மா ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை.

நெசவில் இழை அறுவது இயல்பு. அறுந்த இடத்தில் உடனே பிணைத்துவிட்டால் துணியில் ஒன்றும் தெரியாது. கவனியாமல் நெய்துகொண்டே போனால் ஒரு கோடு போலக் குறை நீண்டுகொண்டே போகும். தறியருகே உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுக்கும் நம்மிடம் வாப்பா அடிக்கடி சொல்வார்கள்:

“அறுந்தா அறுந்த அன்னைக்கே பிணைச்சிரணும் வாப்பா. நாளைக்குப் பாத்துக்கிடலாம்னு விட்டா, துணி காட்டிக் குடுத்துரும்.”

இதை அவர்கள் உபதேசமாகச் சொன்னதில்லை, தொழிலாகவே சொன்னார்கள். ஆனால் மனிதர்களோடு அவர்கள் வைத்திருந்த கொடுக்கல் வாங்கலும் இவ்வாறே இருந்தது. நெய்த துணியில் குறை இருந்தால், கூட்டுறவுச் சங்கத்தில் துணியை விரித்துப் பார்ப்பதற்கு முன்பே, “இந்த இடத்துல ஒண்ணு இருக்கு, பாத்துக்கிடுங்க” என்று தாமே விரல் வைத்துக் காட்டுவார்கள். கூலியில் பிடித்தமாகும். அதைப் பற்றி வீட்டில் பேச்செழாது.

1992 நவம்பரில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருக்கெடுத்த நாட்களை நெல்லைச் சீமையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது எங்கள் தறிக்குழியில் நீர் ஊறி நிறைந்தது. தறியிலிருந்த பாவும் மூலையில் அடுக்கியிருந்த நூலும் வீணாயின. அந்த நூல் நம்முடையதன்று. பிறர் நம்பித் தந்தது. வீரவநல்லூரில் வாப்பாவுக்கு ஒரு நண்பர் இருந்தார். இந்துச் சகோதரர், அவரும் நெசவாளர், வாப்பாவைவிடச் சில வயது இளையவர். செய்தி கேட்டதும் அவர் பேருந்தேறி வந்து, தம் நூலில் ஒரு பகுதியைக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். விலை கேட்டதற்கு, “பெறவு பாப்போம் அண்ணாச்சி” என்றார்.

அந்தப் ‘பிறகு’ வாப்பாவிடம் செல்லவில்லை. ஏறத்தாழ இரண்டாண்டுகள், கையில் சேர்ந்ததைச் சேர்ந்தபடியே எடுத்துக்கொண்டு வீரவநல்லூர் சென்று கொடுத்துத் தீர்த்தார்கள். இதற்கிடையே பெருநாளுக்குப் புத்தாடை எடுக்காத ஓராண்டும் உண்டு. நமக்கு அப்போது 15 வயது. மனம் கசந்ததை மறைக்கவில்லை. கொடுத்தவரே கேட்காதபோது ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டோம். வாப்பா, “அவரு கேக்கலங்கறது அவரோட நல்ல கொணம். நான் குடுக்காம இருந்தா அது என்னோட கெட்ட கொணம்லா?” என்றார்கள்.

அல்லாஹ் தனக்குரிய உரிமையில் நிகழ்ந்த குறைகளை, நாடினால் மன்னிப்பான். ஆனால் ஹக்குல் இபாத் எனப்படும் அடியார்களின் உரிமையை, உரியவர்தாம் மன்னிக்க வேண்டும். இந்தப் பாடத்தை நாம் கிதாபில் படிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வாப்பா பேருந்துக் கட்டணம் செலவழித்து நமக்குக் கற்பித்துவிட்டார்கள். நாம்தாம் கற்கவில்லை.

நம்மை மார்க்கக் கல்விக்கு அனுப்பியது அவர்களின் விருப்பம். மூத்த சகோதரர்கள் கடைகளிலும் வளைகுடாவிலும் வேலைக்குச் சென்றுவிட, கடைக்குட்டியான நாம் மதரஸாவில் ஓதினோம். இஸ்லாமியக் கல்வியில் பட்டயமும் பெற்றோம். 1998இல், தறிக்கூலி உப்புக்கும் போதாத நிலையில், வாப்பா தறியைப் பிரித்துக் குழியை மூடினார்கள். அதுவரை நம் கிதாபுகளின் விலை அந்தக் குழியிலிருந்துதான் வந்தது.

இனி எழுதப் போவதை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் எழுதாவிட்டால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

2000ஆம் ஆண்டு. நமக்கு 23 வயது, வாப்பாவுக்கு 66. ஒரு மாலை எங்கள் தெருப் பள்ளியில் இமாம் வர இயலவில்லை. மஃரிபுக்கு நேரமாகிவிட்டது. பெரியவர்கள் வாப்பாவையே முன்னே நிறுத்தினார்கள். நாம் சற்றுத் தாமதமாக உளூச் செய்து வந்து கடைசி வரிசையில் சேர்ந்தோம். வாப்பாவின் ஓதல் அவர்கள் தலைமுறையின் ஓதல். தொண்டையின் நடுவிலிருந்து எழ வேண்டிய ‘ஹா’வும் ‘ஐனும்’ தமிழ் நாவில் இளகிப் போயிருந்தன. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் நாம் எழுந்து நின்றோம். ஃபாத்திஹாவில் எழுத்துகள் மாறிவிட்டன, இத்தொழுகை நிறைவேறாது, மீண்டும் தொழ வேண்டும் என்று முப்பது பேருக்கு முன்னால் சொன்னோம். சட்டநூலின் பெயரையும் சொன்னோம். புதிதாகக் கற்றவனின் குரல் எப்படி இருக்குமோ அப்படித்தான் நம் குரல் இருந்தது.

பள்ளி அமைதியானது. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. தொழ வைத்த இடத்தை விட்டு விலகி, நம்மை முன்னே போகுமாறு கையால் காட்டிவிட்டு, வரிசையில் போய் நின்றார்கள். நாம் தொழ வைத்தோம். பெற்ற தந்தை நமக்குப் பின்னால் நின்று தொழுதார்கள்.

அதன் பின் எவர் அழைத்தும் வாப்பா ஒருபோதும் முன்னே நின்று தொழ வைத்ததில்லை. சில வாரங்கள் கழித்து, நாம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் மக்தபுக்கு வந்து, ஏழெட்டு வயதுச் சிறுவர்களுக்குப் பின்னால் சுவரோரமாக அமர்ந்தார்கள். கையில் ‘அலிஃப் பே’ கிதாபு. ஈராண்டு வந்தார்கள். சிறுவர்கள் ஓதுவதை உதட்டசைவில் தாமும் ஓதிப் பழகினார்கள். அதைக் கண்டு நாம் அன்று அடைந்தது மகிழ்ச்சி; இன்று நினைத்தால் வெட்கம். குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமத்தோடு ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்னும் நபிமொழியை அதே வகுப்பில் நாமே பாடம் நடத்தியிருக்கிறோம். இரண்டு கூலிக்குரிய ஒருவர் சுவரோரமாக அமர்ந்திருந்தது நம் கண்ணில் படவில்லை.

வாப்பாவின் முதுமை அமைதியானது. உம்மா 2011இல் முந்திச் சென்றார்கள். வாப்பா பள்ளிவாசல் ஹவுளைச் சுத்தம் செய்வதும், பேரப் பிள்ளைகளை மக்தபுக்கு அழைத்து வருவதும், மாதம் ஒருமுறை வீரவநல்லூர் போய் நண்பரைக் கண்டு வருவதுமாக வாழ்ந்தார்கள்.

அவர்களின் மரப்பெட்டியில் ஒரு வெள்ளைத் துணி இருந்தது. தறியைப் பிரிப்பதற்கு முன் கடைசியாக நெய்தது. தம் கபனுக்கென்று வைத்திருந்தார்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு பெண்மணி தம் கையாலேயே நெய்த மேலாடையை நபி (ஸல்) அவர்களுக்குக் கொடுத்ததும், அதை ஒரு தோழர் தமக்கு வேண்டுமெனக் கேட்டுப் பெற்றதும், கேட்டவர் அதை உடுத்துவதற்காக அன்றித் தம் கபனாக ஆக்கிக்கொள்வதற்கே கேட்டதும், அவ்வாறே ஆனதும் புகாரீயில் பதிவாகியுள்ளன. ஒரு பயானில் இதைக் கேட்டது முதல் வாப்பாவுக்கு அதன் மீது பெரும் பிரியம். நெசவாளியின் உழைப்பு நபிகளாரின் திருமேனியைத் தொட்ட செய்தி அல்லவா அது!

2020இல் ஊரடங்கின்போது எங்கள் தெருவில் வறியவர் ஒருவர் மவுத்தானார். கடைகள் அடைத்துக் கிடந்தன. கபன் துணிக்கு அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வாப்பா பெட்டியைத் திறந்து அந்தத் துணியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நம் மூத்த சகோதரர், “உங்களுக்குன்னு வச்சதுல்லா வாப்பா?” என்றார். “எனக்குக் கடை தொறந்திருக்கும்” என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஈராண்டுகளுக்குப் பின் கடையில் வாங்கிய துணியில்தான் அவர்களைக் கபனிட்டோம்.

குளிப்பாட்டியது நாங்கள் நான்கு சகோதரர்கள். மிதிபலகையை மிதித்துக் காய்த்துப்போன பாதங்களில் தண்ணீர் ஊற்றியது நாம். தறியை விட்டு 24 ஆண்டுகள் ஆகியும் அந்தக் காய்ப்பு முழுதும் மறைந்திருக்கவில்லை.

கடன்பட்டு இறந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழ வைக்காமல் தயங்கியதும், அபூ கத்தாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்பே தொழ வைத்ததும் நாம் அறிந்ததே. எனவே நம் மூத்த சகோதரர் ஜனாஸாவின் முன் நின்று, “எங்க வாப்பா யாருக்காவது எதாவது தரவேண்டியதிருந்தா எங்கக்கிட்ட சொல்லுங்க. யார் மனசையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிருங்க” என்று கேட்டுக்கொண்டார். எவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் பெட்டியில் அரபுத்தமிழில் எழுதிய கணக்கேடு ஒன்று கிடைத்தது. அதில் 1992இன் நூல் கணக்கு, தேதி வாரியாகக் கொடுத்த தொகைகள், இறுதியில் ‘பாக்கி இல்லை’ என்ற ஒரு வரி. அதற்கடுத்த பக்கங்களிலும் பாக்கி என்று ஒன்றும் இல்லை.

சகோதரர் அவ்வாறு அறிவித்தபோது நம் உள்ளம் நிறைந்தது. அடுத்த கணமே அது சுருங்கியது. இந்த மனிதர் எவருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. ஆனால் இவருக்குத் தர வேண்டியவன் ஒருவன் இங்கே நிற்கிறான். அவன் 22 ஆண்டுகளில் ஒருமுறைகூட, “அன்று பள்ளியில் உங்களை அப்படி நிறுத்தியது தவறு, மன்னியுங்கள் வாப்பா” என்று சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். நாளை, பெருநாளன்று, ஹஜ்ஜுக்குப் போகும்போது என்று நாம் தள்ளி வைத்தோம். அறுந்த அன்றே பிணைக்கச் சொன்னவரின் பிள்ளை நாம்.

அடக்கம் முடிந்து சில மாதங்கள் இந்தப் பாரம் நம்மை விட்டு அகலவில்லை. அப்போது இப்னு உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமத்து அரபியைச் சந்தித்த அவர்கள், தாம் ஏறிச் செல்லும் கழுதையையும் தம் தலைப்பாகையையும் அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சிறிது கொடுத்தாலே இவர் மகிழ்வாரே என்று உடனிருந்தோர் கேட்டதற்கு, இவருடைய தந்தை என் தந்தை உமரின் நண்பராக இருந்தார் என்றார்கள். தந்தை நேசித்தவர்களோடு உறவைப் பேணுவது மிகச் சிறந்த நன்மை என்று நபிகளார் சொல்லத் தாம் கேட்டதாகவும் கூறினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் இது உள்ளது.

நாம் சேரன்மகாதேவி வழியாக வீரவநல்லூருக்குப் பேருந்து ஏறினோம். பெரியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். வாப்பாவின் ஜனாஸாவுக்கு வந்து மையவாடியின் வாசலில் நின்றுவிட்டுச் சென்றவர். நம்மைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சினிடையே, அடக்க முடியாமல், பள்ளியில் நடந்ததை அவரிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

“தெரியும் தம்பி. மறுநாளே இங்க வந்தாவ. மொகம் வாடித்தான் இருந்துது. ‘புள்ள சொன்னது சரிதான், சொன்ன இடந்தான் சரியில்ல’ன்னாவ. ‘அத அவன்கிட்டயே சொல்லுங்களேன் அண்ணாச்சி’ன்னு சொன்னேன். ‘அவனே ஒருநா கண்டுக்கிடுவான்’னுட்டு எழுந்திரிச்சிட்டாவ. அதுக்குப் பெறவு அதப் பத்திப் பேசவே இல்ல.”

வாப்பா நொந்தார்கள் என்பதும் உண்மை. நொந்த நிலையிலும் நீதி தவறவில்லை என்பதும் உண்மை. சொன்னதையும் சொன்ன இடத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கும் அந்தத் தராசு, கிதாபுகள் பல ஓதிய நமக்கு 23 வயதில் இருக்கவில்லை. நாமாகக் கண்டுகொள்வோம் என்று காத்திருந்தார்கள். நாம் கண்டுகொண்டபோது அவர்கள் மண்ணுக்குள் இருந்தார்கள்.

பலர் முன்னிலையில் செய்த தவற்றுக்குத் தனிமையில் அழுவது மட்டும் போதாது என்று தோன்றியது. ஒரு ஜும்ஆவுக்குப் பின் அதே தெருப் பள்ளியில் எழுந்து நின்று, 2000ஆம் ஆண்டில் அந்த மாலையில் நாம் செய்ததைச் சொன்னோம். சட்டத்தைச் சொன்னது தவறன்று, பெற்ற தந்தையின் கண்ணியத்தைக் காக்காமல் சொன்னது தவறு என்றோம். அன்று தொழுதவர்களில் நான்கு பேர் மட்டுமே உயிரோடிருந்தனர். அவர்களில் ஒருவர் வந்து நம் தோளில் கை வைத்து, ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

இப்போது இஷாவுக்குப் பின் பெரியவர்களுக்கென்று ஒரு வகுப்பு நடத்துகிறோம். பிள்ளைகளுக்கு அங்கே அனுமதியில்லை. பதினொரு பேர் வருகிறார்கள். பெரும்பாலோர் பழைய நெசவாளர்கள். ஒருவர் ஓதுவதில் பிழையிருந்தால் அவர் அருகே சென்று, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறோம். இதன் நன்மையில் வாப்பாவுக்கும் பங்கு சேர வேண்டும் என்பது நம் நிய்யத்.

சகோதர சகோதரிகளே! மனிதன் இறந்தபின் அவன் செயல்கள் நின்றுவிடுகின்றன. நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, அவனுக்காகப் பிரார்த்திக்கும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றைத் தவிர என்பது நாம் அறிந்த நபிமொழி. ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கையேந்துகிறோம். அவர்களின் நண்பரை மாதம் ஒருமுறை சென்று காண்கிறோம். ஆயினும் வாப்பாவின் வாயிலிருந்து, “போட்டும் வாப்பா, மன்னிச்சிட்டேன்” என்ற ஒரு சொல்லைக் கேட்கும் பாக்கியம் இனி இவ்வுலகில் நமக்கு இல்லை.

உங்கள் தந்தை முற்றத்தில் அமர்ந்திருக்கிறாரா? தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறாரா? மார்க்கம் கற்ற பிள்ளையாயினும், உலகம் கற்ற பிள்ளையாயினும், உங்கள் அறிவு அவரைச் சுட்ட நாள் ஒன்று உங்கள் நினைவில் இருக்கக் கூடும். பெற்றோரிடம் ‘சீ’ என்றும் சொல்லலாகாது என்று நம் இறைவன் தடுத்திருக்கிறான். அந்த நாளை இன்றே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அவர் மறந்துவிட்டார் என்று எண்ணாதீர்கள். அவர் காத்துக்கொண்டிருக்கலாம்.

யா அல்லாஹ்! எங்கள் சிறு வயதில் எங்களைப் பரிவோடு வளர்த்த எங்கள் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நீ கிருபை செய்வாயாக. அவர்களின் கப்ரை விசாலமாக்குவாயாக. திக்கித் திணறி அவர்கள் ஓதிய ஒவ்வோர் எழுத்துக்கும் இரட்டைக் கூலி வழங்குவாயாக. அவர்களுக்கு நாங்கள் பட்ட கடனை, உன் கருணையால் நீயே அவர்களுக்கு ஈடு செய்து, மறுமையில் அவர்கள் எங்களை முகம் மலர்ந்து ஏற்கச் செய்வாயாக.

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.